அப்பா தூக்கிப் பிடித்த பாட்டில்

அட்டுவம்பட்டி,
கொடைக்கானல்.
27.11.2007

கர்த்தருக்குள் பிரியமான சைமன் சித்தப்பாவுக்கு,

மஸ்கட்டின் வெயிலுக்கு அட்டுவம்பட்டியின் மூடுபனியிலிருந்து அண்ணன் மகள் ரெஜினா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நான், அப்பா, அம்மா, கட்டிலுக்கு அடியிலும் பீரோவின் தலையிலும் விறகுக் கொட்டகையிலும் குடியிருக்கும் ஏராளமான ஜாம் பாட்டில்கள் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் சித்தியும் தம்பியும் அப்படியே இருக்க, தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிறோம். சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் ஜாமும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "என்ன ரெஜி, ஜாம் யாவாரம் எப்படிப் போகுது? ஆர்குட்டு கை குடுத்துச்சா?" என்று கேட்டீர்கள். "நல்லா போகுது சித்தப்பா" என்றேன். "நான் போட்ட நூறு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நான் அந்த நூறு எங்கள் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்று சொல்லவில்லை. வில்பட்டியில் பழுத்த மரத்தக்காளி அத்தனையும் எங்கள் அண்டாவில்தான் முடிந்தது என்று சொல்லவில்லை. அம்மா நெட் சென்டருக்குள் புகுந்து உலகத்தையே ஒரு அதட்டு அதட்டியதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இந்தப் பக்கம் அப்பா, 'என்னப் பத்திச் சொல்லு' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். அந்தப் பக்கம் அம்மா, 'ஒண்ணும் சொல்லாதே' என்று கண்ணை உருட்டுகிறாள். நடுவில் டீ குடிக்க வந்த அடைக்கலம் மாமா டம்ளரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். மெயிலில் எழுதலாமே என்பீர்கள். தமிழில் அடித்தால் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வருகிறதாம். இங்கிலீஷில் எழுதினால் எனக்கு இந்தப் பரபரப்பு வரமாட்டேன் என்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன். அம்மா பள்ளி விடுதிச் சமையலறை வேலையைச் செப்டம்பர் கடைசியில் விட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தேன், காரணம் எழுதவில்லை. காரணம் டப்பா ஜாம். விடுதிப் பிள்ளைகளுக்குக் காலை ரொட்டியில் தடவுவதற்கு அம்மாதான் வருஷக்கணக்காக ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள் அல்லவா, அதை நிறுத்திவிட்டு ஆபீஸில் மலிவாக டின் டின்னாக வாங்கிப்போட்டார்கள். அதிலும் செலவு குறைய வேண்டும் என்று வெந்நீர் ஊற்றிக் கலக்கச் சொன்னார்கள். அம்மா ஒருநாள் கலக்கினாள். இரண்டாம் நாள் கரண்டியை அண்டாவுக்குள்ளேயே போட்டுவிட்டு, "செவப்புத் தண்ணியப் பிள்ளைங்க ரொட்டியில ஊத்த எனக்குக் கை வராதுங்க" என்று சொல்லி, ஏப்ரனோடு வீடுவரைக்கும் நடந்தே வந்துவிட்டாள். வார்டன் சுந்தராம்பாள் மேடம் கெட்டவர் இல்லை. பின்னாலேயே ஆளனுப்பி, "டிசம்பர் ஒண்ணாந்தேதிவரைக்கும் உன் வேலைக்கு ஆள் போட மாட்டேன் சுதாராணி, கோவம் தணிஞ்சா வா. ஆனா வந்தா அந்த ஜாமத்தான் கலக்கணும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வேலை சீசனுக்குச் சீசன்தான். நானோ எம்.ஏ. முடித்துவிட்டு, ஊரில் யாரும் எடுக்காத புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்து அடுப்படியில் வாசித்துக்கொண்டிருக்கிறவள். ஆகவே டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் அம்மாவின் மரத்தக்காளி ஜாம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு போய் அந்தக் கரண்டியை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த இரண்டு மாதமாக இதைத் தவிர வேறு கவலையே கிடையாது.

அந்த நேரத்தில்தான் உங்கள் டிஜிட்டல் கேமராவும் உங்கள் யோசனையும் ஒரே பார்சலில் வந்து சேர்ந்தன. "ஆர்குட்ல போடு ரெஜி, நம்ம சபைப் பிள்ளைங்க உலகம் பூரா இருக்காங்க, பிச்சுக்கிட்டுப் போகும்." என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆர்குட்டில் என் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் என் முகத்துக்குப் பதிலாக மூடுபனிதான் இருக்கிறது. யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் ஜாமின் பெயரில் ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்றதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வாய் முளைத்துவிட்டது. வேறொருவர் பெயருக்குப் பின்னால் நின்று பேசுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

ஏழு ரோட்டுச் சந்திப்பில் மதன் வைத்திருக்கிற நெட் சென்டரில்தான் திறந்தோம். முதலில் பெயர் கேட்டது. மரத்தக்காளி என்று போட்டேன். குடும்பப் பெயருக்கு ஜாம். ஆணா பெண்ணா என்று கேட்டது. "ஆம்பளன்னு போடுத்தா, யாவாரத்துக்கு அதுதான் மருவாதி" என்றார் அப்பா. "கிண்டுனவ நானு, பொம்பளன்னு போடு" என்றாள் அம்மா. பெண் என்று போட்டேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கமாட்டேன் என்றது. முந்தாநாள் கிண்டிய ஜாமுக்குப் பத்தொன்பது வயது என்று எழுதும்போது எனக்குக் கை கூசியது. திருமணம் ஆனவரா என்று கேட்டபோது மதன்தான் எட்டிப் பார்த்து, "கமிட்டட்னு போடுங்க, இல்லாட்டி தொல்ல" என்றான். போட்டும் பயனில்லை. சாயங்காலமே திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், 'ஹாய் மரத்தக்காளி, நீங்க எந்தக் காலேஜ்?' என்று கேட்டிருந்தார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, பாட்டில் மூடிகளை எல்லாம் இன்னொரு முறை இறுக்கி வைத்தாள்.

இனிப் படம். கேடு அங்கேதான் வந்தது சித்தப்பா. மதில்மேல் பாட்டிலை வைத்து எடுக்கலாம் என்று காலையில் வெள்ளனே எழுந்தோம். நான் கேமராவைக் கண்ணில் வைப்பதற்கும் பனி உள்ளே வருவதற்கும் சரியாக இருக்கும். எடுத்த படங்களில் பாதியில் மதில் இருக்கிறது, பாட்டில் இல்லை. மீதியில் இரண்டுமே இல்லை. கடைசியில் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு கீற்று வெயில், ஆள் உயரத்துக்கு மேலே விழுந்தது. அப்பா பாய்ந்துபோய்ப் பாட்டிலை வலது கையில் எடுத்துத் தலைக்கு மேலே அந்த வெயிலில் தூக்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, "வெரசா எடு ஆத்தா, கை கடுக்குது" என்று கத்தினார். அந்த 'எடு'வில்தான் நான் அமுக்கினேன். படம் பிரமாதமாக வந்தது. பாட்டிலுக்குள் ஜாம் மாணிக்கம் மாதிரி சிவந்திருக்கிறது. கீழே அப்பா, கையை உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, வாயை முழுதாகத் திறந்தபடி. இதை ஜாமின் பக்கத்தில் போட்டேன். நம் சபையிலிருந்து வெளியூர், வெளிநாடு போனவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்களே, அதிலும் போட்டேன். கீழே 'சுதாராணி வீட்டு மரத்தக்காளி ஜாம்' என்று மட்டும் எழுதினேன். விலையை எழுதினால் அற்பமாகத் தெரியும் என்று நினைத்தேன். இலக்கியம் வாசிக்கிறவர்களை வியாபாரத்தில் விடக்கூடாது.

மறுநாளே உங்கள் பதில் வந்திருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. '100'. பக்கத்தில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அதன் பிறகு உங்கள் ஆபீஸில் ஆர்குட்டை அடைத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள், ஆகவே நீங்கள் கொளுத்திப் போட்டது எப்படி எரிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஏழு ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். ஏற்றத்தில் ஓடினேன். "அம்மா, சித்தப்பா நூறு பாட்டில் கேட்டிருக்காரு!" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, "ஏலே சைமா, தம்பின்னா நீதாண்டா தம்பி" என்று மஸ்கட் இருக்கும் திசை என்று அவர் நினைத்த பக்கமாகப் பார்த்துக் கும்பிட்டார். அது பழனிப் பக்கம். அன்றைக்கே வில்பட்டிக்குப் போய்க் கூடை கூடையாகப் பழம் வாங்கிவந்தார். சுடுதண்ணீரில் முக்கித் தோலை உரித்து, சர்க்கரை போட்டு, அம்மா கிண்டத் தொடங்கினாள். அம்மா கிண்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுப்பாள். கோடு சேராமல் நின்றால் பதம். அதுவரை யார் வந்தாலும் பேசமாட்டாள். நூறு பாட்டிலின் முதல் அண்டா பதம் வருவதற்குள் பஹ்ரைனில் நர்ஸாக இருக்கும் சத்தியபிரியா அக்காவிடமிருந்து '200' வந்தது. யாரோ கோயம்புத்தூரிலிருந்து '350' என்றார். அடுத்த நாள் சத்தியபிரியா அக்காவே மறுபடி '500' என்றார். இருநூறு போதவில்லை போல, நர்ஸ் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்று நான் விளக்கம் சொன்னேன். தெருப் பெண்களைக் கூப்பிட்டுத் தோலுரிக்க உட்கார வைத்தோம். வத்தலக்குண்டிலிருந்து பாட்டில் வந்தது. வீட்டில் படுக்க இடமில்லாமல் அப்பா விறகுக் கொட்டகைக்குப் போனார். பிறகு பாட்டில்கள் அங்கேயும் வந்து அவரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பின. சந்தோஷத்தில் எங்களுக்குத் தூக்கமே இல்லை. வீட்டுக்குள் ஜாமும் அடங்கவில்லை.

சனிக்கிழமை அடைக்கலம் மாமாவின் மகன் ராஜ்மோகன், அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து அப்பா பெயரைச் சொல்லியே ஒரே போடாகப் போட்டார்: '1500. போதுமா அருள்மணி மாமா?' இதைக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த மலையில் அத்தனை மரத்தக்காளியே கிடையாது. அப்பா, "நானே வந்து அந்தப் பயகிட்ட பக்குவமாச் சொல்றேன், ரெண்டு தவணையாத் தர்றோம்னு" என்று சட்டையை மாற்றிக்கொண்டு நெட் சென்டருக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததே இல்லை. மதன் நாற்காலியை இழுத்துப் போட்டான். படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் பாட்டில், பிறகு கை, பிறகு திறந்த வாய். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"ஏத்தா, இதென்ன, நான் ஏலத்துல நிக்கிற மாதிரில்ல கெடக்கு?"

சித்தப்பா, நம் சபையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் என்னை என்ன சொல்வது! அறுப்பின் பண்டிகையில் படைக்கிற பூசணி, கோழி, முட்டை அத்தனையையும் ஆராதனை முடிந்ததும் அப்பாதானே ஏலம் விடுகிறார், வலது கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வாயை இப்படித் திறந்து! நம் சபைப் பிள்ளை ஒன்று வடதுருவத்தில் இருந்தாலும், அருள்மணி எதையாவது தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தால் என்ன செய்யும்? ஒரு தொகை சொல்லும். பண்டிகை மாதம் வேறு. உங்கள் நூறு, நூறு பாட்டில் அல்ல, ஒரு பாட்டிலுக்கு நூறு ரூபாய். அதற்கு மேலே சத்தியபிரியா அக்கா, அதற்கு மேலே கோயம்புத்தூர், அதற்கு மேலே ஹூஸ்டன். ஒரே ஒரு பாட்டிலுக்காக.

"எனக்கும் சந்தேகந்தாண்ணே" என்றான் மதன். "வெறும் நம்பரா வருது. நூறு பாட்டில் ஜாம வாங்கி மஸ்கட்ல ஒரு மனுசன் குளிக்கவா போறாருன்னு நெனச்சேன்."

"ஏலே, நெனச்சா சொல்றதில்லையாடா?"

"கஸ்டமரோட பிரைவசிண்ணே."

நான் அழத் தயாராக இருந்தேன். அப்பா அப்படி இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். முகத்தில் பண்டிகை வந்துவிட்டது. "ஆயிரத்து ஐந்நூறு ஒரு தரம்!" என்று கத்தினார். திரைச்சீலைக்குப் பின்னால் சாட் செய்துகொண்டிருந்த இரண்டு பேர் பயந்துபோய்ப் பணத்தை வைத்துவிட்டு வெளியே ஓடினார்கள். "அப்பா, இது யாவாரம்ப்பா, ஏலம் இல்லன்னு எழுதிருவோம்ப்பா" என்றேன். "கேட்டவன் வாய மூடச் சொல்லவா? அருள்மணி தூக்கிப் பிடிச்ச பெறகு கீழ வச்சதா சரித்திரம் இல்லத்தா" என்றார். செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் ஏற்றம் ஏறி வருவதற்குள் அடைக்கலம் மாமா வாசலில் நிற்கிறார், சபைப் பொருளாளராக. "ஏலப் பணம் சபைக்குத்தான் சேரணும் மாப்ள. மணிக்கூண்டுக் கூரை ஒழுகுது." அப்பா உடனே, "அதுல என்ன பேச்சு மச்சான்" என்றார். உள்ளேயிருந்து ஒரு கரண்டி விழும் சத்தம் கேட்டது. விழவில்லை, அம்மா போட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து நெட் சென்டரிலேயே ஏலம். தங்கள் ஊரில் ராத்திரியாக இருந்தவர்கள்கூடக் கண்விழித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டச்சு, அப்பா குரல். அவர் கத்துவது ஹூஸ்டனுக்கு நேராகவே கேட்டிருக்கும். ராஜ்மோகன் அண்ணனுக்கே மூன்றாம் தரம் தட்டினோம். அவர் என்ன எழுதினார் தெரியுமா? 'திருப்பி ஏலத்துக்கே வைக்கிறேன்.' அதுதானே வழக்கம்! எடுத்தவன் பெரிய மனதோடு பொருளைத் திருப்பித் தருவான், அது மறுபடி ஏலத்துக்கு வரும். போன வருஷம் ஒரே முட்டை மத்தியானம்வரை கை மாறி, கடைசியில் யாரும் தின்னாமல் கோழிக்குச் சொந்தக்காரியிடமே போய்ச் சேர்ந்ததே! இந்தப் பாட்டிலும் பஹ்ரைனுக்குப் போய்த் திரும்பியது, சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பியது, பெங்களூருக்கு இரண்டு முறை போய்த் திரும்பியது. இத்தனைக்கும் மதனுடைய மானிட்டர்மேல் வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை. கிறிஸ்தவ உலகம் முழுவதும் அந்த ஒரு பாட்டிலை வாங்கியது. வீட்டில் முந்நூறு பாட்டில் அப்படியே இருந்தன.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். ஆராதனைக்குக் கட்டிய புடவை, கையில் ஜாம் வாசனை. கூட்டம் விலகியது. அம்மா திரையைப் பார்க்கவில்லை, மானிட்டர்மேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"இத்தன பேரு எடுத்தாங்களே, ஒருத்தராச்சும் மூடியத் தெறந்தாகளா?"

அப்பா மட்டும், "சுதா, இது தருமத்துக்கு..." என்றார்.

"தருமம் உங்க வாயில இருக்கட்டும். நான் அங்கிட்டுக் கலர்த் தண்ணி ஊத்தமாட்டேன்னுட்டு வந்தேன். இங்கிட்டு என்னடான்னா ஊத்தின ஜாமத் திங்கவே ஆளில்ல. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெஜி, எழுது. 'நான் சுதாராணி. எடுத்தவங்க யாரும் திருப்பித் தரக்கூடாது. தின்னணும். தின்னுட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும். திங்க மனசில்லாதவங்க ஏலம் கேக்க வேணாம்.' அப்படியே எழுது. நயமா எழுதுறேன்னு மாத்துன, தெரியும்."

ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். அனுப்பினேன். உலகம் முழுவதும் அமைதி. ஒருத்தரும் பதில் போடவில்லை. நான் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்க்கிறேன், அம்மாவின் வரிதான் கடைசியில் நிற்கிறது. அதோடு கரண்டும் போய்விட்டது. இருட்டில் அப்பா மெதுவாக, "சபைப் பிள்ளைகள இப்படி அடிச்சிட்டியே" என்றார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் ஒன்றாம் தேதியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்தபோது முதலில் இருந்தது சத்தியபிரியா அக்கா. 'அத்த, வெக்கமா இருக்கு. மரத்தக்காளி தின்னு எத்தன வருசமாச்சு. ஆனா எனக்கு அனுப்பாதீங்க, பார்சல் காசுக்கு ஒரு கிடாயே வாங்கலாம். வில்பட்டியில எங்க அம்மாவுக்கு நாலு பாட்டில் குடுங்க. தின்னுட்டு அவங்க சொல்லுவாங்க.' சித்தப்பா, மடை திறந்துவிட்டது! சிங்கப்பூர்க்காரர் அவருடைய அண்ணன் வீட்டுக்கு, பெங்களூர்க்காரர் மாமியார் வீட்டுக்கு, ராஜ்மோகன் அண்ணன் அவருடைய அப்பா அம்மாவுக்கு ஆறு பாட்டில். எல்லாம் இங்கேயே! வில்பட்டி, அட்டுவம்பட்டி, பெரும்பாறையில் ஒரு வீடு. உலகச் சந்தையைப் பிடிக்கப் போனோம், அது எங்கள் தெருவிலேயே இருந்திருக்கிறது. இத்தனை காலமும், 'சுதா வீட்டு ஜாம்தானே, கேட்டா ஒரு கரண்டி குடுப்பா' என்று காசு கொடுத்து வாங்காத அதே வீடுகளுக்கு, அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஹ்ரைன் ஆர்டர், சிங்கப்பூர் ஆர்டர் என்று கத்திக்கொண்டே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

இதிலே ஒரு வேடிக்கை. அடைக்கலம் மாமா வீட்டு வீரம்மா அத்தை, அம்மாவின் ஜாமை நக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புளிக்குதே சுதா" என்று சொல்லாத நாள் கிடையாது. நேற்று ஒரு கிண்ணத்தில் ஜாமோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். "ராசு அமெரிக்காவுலருந்து அனுப்பிச்சிருக்கான் சுதா, தின்னு பாரு. என்னதான் இருந்தாலும் வெளிநாட்டுச் சரக்குன்னா அதுக்குன்னு ஒரு ருசி இருக்கில்ல?" அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை மிதித்தாள். பிறகு கிண்ணத்திலிருந்து விரலால் ஒரு துளி எடுத்து, கண்ணை மூடிச் சுவைத்து, "ஆமா மதினி. செஞ்சவ கெட்டிக்காரியாத்தான் இருப்பா" என்றாள். அத்தை போன பிறகு அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, செப்டம்பருக்குப் பிறகு அதை நான் கேட்கவே இல்லை.

ஆகவே சித்தப்பா, முடிவாகச் சொல்கிறேன். ஏலத் தொகை மணிக்கூண்டுக் கூரைக்குப் போய்விட்டது, அதை நினைத்து யாரும் வருந்தவில்லை. ஆர்டர் நின்றபாடில்லை, கிறிஸ்துமஸுக்குப் புதிதாகக் கிண்ட வேண்டும். டிசம்பர் ஒன்றாம் தேதி என்ன, எந்தத் தேதியிலும் அம்மா அந்த விடுதி வாசலை மிதிக்கமாட்டாள். இதை நீங்கள் கல்லில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். கிண்டுவது அம்மா, சுமப்பது அப்பா, எழுதுவது நான் என்று வேலையும் பிரிந்துவிட்டது. எழுதுகிறவள் அண்டாவின் பக்கமே போக வேண்டியதில்லை என்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி. இனிமேல் நீங்கள் எங்கேயாவது ஒரு எண்ணை எழுதினால், தயவுசெய்து அதன் பக்கத்தில் ரூபாயா பாட்டிலா என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதவும். சித்திக்கு என் அன்பு. தம்பிக்கு ஒரு முத்தம். உங்கள் வரவிலும் போக்கிலும், ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் கர்த்தர் துணையிருப்பாராக.

உங்கள் பிரியமான மகள்,
ரெஜினா

பின்குறிப்பு: மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து தபால் வண்டி இறங்கவில்லை. கடிதம் ஒட்டியபடியே இருந்தது, இன்று டிசம்பர் 3, பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கல்லில் வெட்டியிருந்தால் கல்லைத் திருப்பிப் போடவும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுந்தராம்பாள் மேடம் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். விடுதிப் பிள்ளைகள் மதன் கடையில் ஜாமின் படத்தைப் பார்த்துவிட்டு, காலையில் டப்பா ஜாமைத் தொடமாட்டேன் என்று வெறும் ரொட்டியாகத் தின்கிறார்களாம். "டப்பாவ நிறுத்தியாச்சு சுதாராணி. பழம் நானே வாங்கித் தர்றேன்" என்றார். "கூப்பிட்டவொடனே வர்ற ஆளில்ல மேடம் நானு" என்றாள் அம்மா. "கூப்பிடல. கேக்குறேன்" என்றார் மேடம். அம்மா அண்டாவை இறக்கி வைத்தாள். பிறகு, "பிள்ளைங்க வெறும் ரொட்டியாவா திங்குதுக?" என்று கேட்டாள். "திங்கக்கெழம வெள்ளனே வர்றேன்." அப்பாவும் நானும் ஒரே குரலில், "அப்ப நம்ம யாவாரம்?" என்றோம். "ரெஜி இருக்கால்ல" என்றாள் அம்மா.

இன்று காலை இருட்டோடு அம்மா விடுதிக்குப் போய்விட்டாள். நான் அண்டாவை ஏற்றி, பழத்தையும் சர்க்கரையையும் போட்டுக் கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது.